கோடு கீறிப் படிக்கும் ஆங்கிலம்

வணக்கம் ஐயா,

மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ரியூசனில் கிழமைக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் பத்து ஆங்கிலச் சொற்கள், மற்றப் பக்கம் பத்து விளக்கங்கள். பொருத்திக் கோடு கீற வேண்டும். பத்துக்குப் பத்து எடுக்கிறாள். ஆனால் கடிதம் ஒன்று எழுதச் சொன்னால் அந்தச் சொற்களில் ஒன்றும் வருவதில்லை. இதால் பயன் உண்டா, விட்டுவிடச் சொல்லவா?

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

விடச் சொல்லாதீர்கள். தாள் நல்ல தாள்தான். அதை ஒரு தரம் செய்து புள்ளி போட்டதோடு மூடி வைப்பதுதான் பிழை.

மகள் எப்படிப் பொருத்துகிறாள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். 'டு' என்று தொடங்கும் விளக்கம் வினைச்சொல்லுக்கு, 'எ பேர்சன் ஹூ' என்று தொடங்கினால் ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏழு சொல் தெரிந்தால் மிச்சம் மூன்றை ஊகிக்கலாம். ஒன்பது சரியானால் பத்தாவது தானாகவே விழும். அதனால் பத்துச் சொல்லுக்குப் பதின்மூன்று விளக்கம் கொடுக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பத்தும் ஒரே வகைச் சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது.

தாளில் சொல் கண்முன்னே கிடக்கிறது, அடையாளம் கண்டால் போதும். கடிதம் எழுதும்போது அது மனதிலிருந்து எழும்பி வர வேண்டும். அந்தப் பழக்கத்தையும் அதே தாளிலேயே கொடுக்கலாம். திருத்தி வந்த தாளை நெடுக்காக மடித்துச் சொற்களை மறைத்துவிட்டு, விளக்கத்தை மட்டும் வாசித்துச் சொல்லைக் கொப்பியில் எழுதட்டும். வராவிட்டால் உடனே திறந்து பார்க்கக் கூடாது, கொஞ்சம் யோசிக்க வேண்டும். அடுத்த நாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, பிறகு ஒரு கிழமை கழித்து. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மனியர் 1885லேயே தன்னைத்தானே சோதித்து எழுதியிருக்கிறார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை நினைவு.

இது எங்களுக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதியை, பாடமாக்கியவர்கள் ஏட்டைப் பார்த்துக்கொண்டா ஒப்புவித்தார்கள்? ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், ஒரு பெயருக்கு எத்தனை பொருள் என்று இரண்டு வழியாலும் கேட்டால் சொல்ல வேண்டும். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் சூடாமணி நிகண்டை உரையோடு அச்சிட்டதும் படிக்கிற பிள்ளைகளின் தேவை அறிந்துதான் என்று நான் நம்புகிறேன்.

விளக்கம் எந்த அகராதியிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். விளக்கத்தில் உள்ள சொல்லே விளங்காவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? லோங்மன் 1978இல் வெளியிட்ட மாணவர் அகராதியில் எல்லா விளக்கங்களும் ஏறக்குறைய 2000 சொற்களுக்குள் எழுதப்பட்டன. அந்த வகை அகராதி ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது.

ஒன்று மட்டும் விளக்கத்தில் கிடைக்காது. 'ரிலக்டன்ட்' என்றால் விருப்பமில்லாமல் தயங்குகிற என்று மகள் சரியாகப் பொருத்துவாள். அதற்குப் பின்னால் 'டு' போட்டு வினைச்சொல் எழுத வேண்டும் என்பதை வசனத்தில்தான் பிடிக்கலாம். 'ஐ வாஸ் ரிலக்டன்ட் டு ஆஸ்க்' என்பது போல, தன் வீட்டையோ பள்ளிக்கூடத்தையோ பற்றி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வசனம் எழுதட்டும். நேரம் போதாவிட்டால் பத்துச் சொல்லில் நாலை எடுத்தாலும் சரி. அடுத்த முறை கடிதம் எழுதும்போது அந்த நாலில் இரண்டையாவது கட்டாயம் போடச் சொல்லுங்கள். பிழை வந்தால் வரட்டும், ஆசிரியர் திருத்துவார்.