பரண் மேல் கிடக்கும் காகிதங்கள்: கேள்வி பதில்

ஆட்டோகிராஃப் நோட்டு, குடும்பப் படம், கல்யாணப் பத்திரிகை, கடிதம், நாடக நோட்டீஸ் என்று பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியதையெல்லாம் வீட்டில் சேர்த்துவைப்பவன் நான். இது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: சார், அம்மா பள்ளி முடித்தபோது எழுதி வாங்கிய ஆட்டோகிராஃப் நோட்டு பீரோவில் கிடைத்தது. ரோஸ், மஞ்சள், இளம்பச்சை என்று கலர் கலராகத் தாள்கள். இதைக்கூடச் சேகரிப்பார்களா? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தாராளமாகச் சேகரிப்பார்கள். இதன் பூர்வீகம் ஜெர்மனி. 16ஆம் நூற்றாண்டில் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் மார்ட்டின் லூதர், மெலாங்க்தன் போன்ற ஆசிரியர்களிடம் கையெழுத்தும் இரண்டு வரி அறிவுரையும் வாங்கிக்கொண்டார்கள். முதலில் கையிலிருந்த அச்சுப் புத்தகத்தின் வெற்றுத் தாளில்தான் வாங்கினார்கள். பிறகு அதற்கென்றே தனி நோட்டு வந்தது. ஊர் ஊராகப் படிக்கப் போகிறவன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தோதாகச் சின்னதாக, அகலவாக்கில் இருக்கும். பெரிய மனிதர்கள் எழுதிய நோட்டு கையில் இருந்தால் அடுத்த ஊரில் கதவு சுலபமாகத் திறக்கும், அதுவும் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டில் இது பள்ளிப் பெண்களின் கைக்குப் போனது. கவிதை, காய்ந்த பூ, ஒரு கற்றைத் தலைமுடி, அச்சிட்ட வண்ணப் படத் துண்டுகள் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகியது. நம்மூருக்கு ஆங்கிலப் பள்ளிகள் வழியாக வந்திருக்கும் என்பது என் ஊகம்.

அம்மாவின் நோட்டைத் திறந்து முதல் பக்கம் யாருக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் தலைமை ஆசிரியருக்கோ பிடித்த டீச்சருக்கோ விட்டிருப்பார். பழைய ஜெர்மன் ஆல்பங்களிலும் முன் பக்கங்கள் அரசருக்கும் பிரபுக்களுக்கும்தான், தோழர்கள் பின்னால்தான் வருவார்கள்.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. ஆக்ஸ்பர்க் நகர வணிகர் ஃபிலிப் ஹைன்ஹோஃபர் 1596 முதல் சேர்த்த ஆல்பத்தில் சக்கரவர்த்திகளும் மன்னர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 1647இல் அவர் இறந்ததும் ஆகஸ்ட் என்ற பெயருடைய ஜெர்மன் கோமகன் ஒருவர் தன் நூலகத்துக்காக அதை வாங்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. வோல்ஃபன்பூட்டலில் இருக்கும் அதே நூலகம் 2020இல் 28 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. உங்கள் அம்மாவின் நோட்டுக்கு அந்த விலை வராது, கவலை வேண்டாம்.

மதுரையிலிருந்து: தாத்தாவின் ஆட்டோகிராஃப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் பிரபல நடிகரின் கையெழுத்து இருக்கிறது. மற்றதெல்லாம் கல்லூரி நண்பர்கள். வியாபாரி ஒருவர் அந்த ஒரு தாளை மட்டும் கேட்கிறார். நல்ல விலைதான். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் விற்றுவிடுங்கள்.

தனித் தாளில் இருக்கும் நடிகர் கையெழுத்து வெறும் கையெழுத்துதான். அசலா போலியா என்று சொல்லவே ஆளைத் தேட வேண்டும். புத்தகத்துக்குள் இருக்கும்போது முன்னும் பின்னும் இருப்பவர்கள் சாட்சி சொல்வார்கள். முந்தின பக்கத்தில் ஒரு தேதி, அடுத்த பக்கத்தில் விடுதிப் பெயர், இன்னொருவர் எழுதிய "ஆண்டு விழா அன்று" என்ற ஒரு வரி. நடிகர் அந்தக் கல்லூரிக்கு எதற்கு, எப்போது வந்தார் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் லைப்ரரி கம்பெனி என்ற நூலகத்தில் ஏமி மெட்டில்டா காசி என்ற கறுப்பினப் பெண்மணியின் நட்பு ஆல்பம் இருக்கிறது. 1833 முதல் 1856 வரை எழுதி வாங்கியது. அடிமை ஒழிப்புத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் எழுதிய பக்கம் அதில் உண்டு. அதை மட்டும் யாராவது கிழித்து ஏலம் விட்டிருந்தால் நல்ல காசுதான். ஆனால் அதே ஆல்பத்தில் தோழிகள் வரைந்த பூக்களும் எழுதிய கட்டுரைகளும் இருப்பதால்தான் அந்த ஊரில் படித்த கறுப்பினக் குடும்பங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழகின என்பது நமக்குத் தெரிகிறது.

ஒரு கடையில் அட்டை மட்டும் மிஞ்சிய ஆட்டோகிராஃப் புத்தகத்தைப் பார்த்தேன். நடுவில் தையல் நூலும் அதில் ஒட்டிய கிழிசல்களும்தான் இருந்தன. "நல்லதெல்லாம் போயிடுச்சு சார், அட்டை வேணுமா?" என்றார் கடைக்காரர். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம், வாங்க ஆள் இருப்பதால்தானே கிழிக்கிறார்.

சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்வி: கல்யாணப் பத்திரிகை, கடிதம் இவற்றில் வருஷம் இல்லையென்றால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முதலில் எழுத்தைப் பாருங்கள். 'லை', 'னை', 'ணை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு போட்டு அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தையது. அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. சில சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை அதற்குப் பிறகும் ஓட்டின, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். இதற்கு நேர்மாறும் உண்டு. பெரியார் 1935லேயே 'குடிஅரசு' இதழில் புதிய எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். 1950களின் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் புதிய 'லை' இருந்து, "வாழ்க்கை ஒப்பந்த விழா" என்றும் போட்டிருந்தால் அது சுயமரியாதைக் குடும்பம் என்று அடித்துச் சொல்லலாம்.

அடுத்து முகவரி. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969க்கு முன். காசு விவரம் இருந்தால் இன்னும் நல்லது. அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் இடையில். நீல இன்லேண்டு லெட்டர் 1950 அக்டோபரில்தான் வந்தது. தபால் கார்டு மட்டும் 1879லிருந்தே உண்டு, அதில் அரசர் தலையைப் பார்த்துக் காலம் சொல்லலாம்.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருமே என்று பயப்படாதீர்கள். 'விகாரி' என்றால் 1899, 1959, 2019 மூன்றில் ஒன்று. பத்திரிகையில் கிழமையும் திதியும் நட்சத்திரமும் கட்டாயம் இருக்கும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒன்றுதான் பொருந்தும்.

தஞ்சாவூரிலிருந்து: வீட்டில் அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறப் படம் ஒன்று இருக்கிறது. கொள்ளுப்பாட்டி என்கிறார்கள். நூறு வருஷம் இருக்குமா? படத்தில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடியில் பின்னல் தெரிகிறதா? தெரிந்தால் அது பூத்தைத்த ஜடையைக் காட்ட எடுத்த படம். தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைப்பதற்கு அரை நாள் ஆகும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அதனால் ஜோடனை முடிந்ததும் பெண்ணை நேராக ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போவார்கள். முகமும் தெரிய வேண்டும், ஜடையும் தெரிய வேண்டும் என்று நம் ஸ்டூடியோக்காரர்கள் கண்டுபிடித்த வழி அந்த நிலைக்கண்ணாடி. பெரியவளானதற்கோ வளைகாப்புக்கோ எடுத்திருப்பார்கள். வயதையும் கை வளையல்களையும் பார்த்தால் எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வயதைச் சொல்ல ஒரு பூதக்கண்ணாடி போதும். படத்தின் வெளிச்சமான இடத்தில் வைத்துப் பாருங்கள். காகித நார் அப்படியே தெரிந்தால் முட்டை வெள்ளைக்கருவில் செய்த ஆல்புமின் படம், 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நார் தெரியாமல் வழவழப்பாக இருந்து, கறுத்த ஓரங்களில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப் பூச்சு மாதிரி நீலமாக மின்னினால் ஜெலட்டின் படம். நம் வீடுகளில் இருப்பதில் முக்கால்வாசி இதுதான். பழுப்பு நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஜெலட்டின் படத்தையும் பழுப்பாக டோன் செய்து கொடுத்திருக்கிறார்கள். அட்டையின் அளவையும் அளந்து பாருங்கள். இரண்டரைக்கு நாலு அங்குலம் என்றால் 'கார்ட் டி விசிட்', பாரிஸில் டிஸ்டேரி என்ற போட்டோக்காரர் 1854இல் காப்புரிமை வாங்கிய அளவு. நாலேகாலுக்கு ஆறரை என்றால் 1860களில் வந்த 'கேபினெட் கார்டு'. அட்டையின் கீழ் ஓரத்தை விளக்குக்குக் குறுக்கே பிடித்தால் ஸ்டூடியோ பெயர் அழுத்து முத்திரையாகத் தெரியும். ஊர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கோவையிலிருந்து: இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிக் குடும்பம் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார்கள். தூக்கிப் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. பல பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். மாட்டிவைக்க மனமில்லையென்றால் கவரில் போட்டு, பெயரும் உறவும் எழுதி வையுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் பிரதி எடுத்தது. அங்கே இந்த வகைப் படமும் ஆய்வுக்குரிய பொருள்தான்.

திருச்சியிலிருந்து: பூச்சி! அப்புறம் ஈரம்! என்ன செய்வது?

படத்தை அரிப்பது பெரும்பாலும் ராமபாணப் பூச்சி. அதற்கு மைதாப் பசை என்றால் உயிர். பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தது இதற்காகத்தான். நீங்கள் இப்போது கலக்க வேண்டாம், அது விஷம். மரப் பெட்டியும் சமையலறைப் பரணும் தவிர்த்து, காற்றோட்டமான அறையில் இரும்பு பீரோவில் நடுத்தட்டில் வையுங்கள். வேப்பிலை, வசம்பு வைக்கலாம், துணியில் முடிந்து, படத்தைத் தொடாமல். நாப்தலின் உருண்டை எனக்குப் பிடிக்காது, தாளுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஊறியதும் மாற்றுங்கள். வெயிலில் காயவைப்பது அப்பளத்துக்குச் சரி, போட்டோவுக்குச் சரியில்லை.

லாமினேஷன் கூடவே கூடாது. செலோடேப்பும் அப்படித்தான். மெத்தென்ற பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் முகத்தில் தடம் விழும். 2பி பென்சிலில், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பென்சில் பிடிக்காத வழவழப்புக் கலர்ப் படமென்றால் உறையில் எழுதிவிடுங்கள்.

சென்னையிலிருந்து இருவர்: எண்பதுகளின் பசை ஆல்பம், மேலே பிளாஸ்டிக் தாள் மூடியது. படம் வர மறுக்கிறது. இன்னொருவருக்கு ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டது.

ஆல்பத்துக்கு: பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் போல மெல்ல இழுங்கள். மூலையில் ஆரம்பியுங்கள். இரண்டு இழுப்பில் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு, ஆல்பத்தில் இருந்தபடியே பிளாஸ்டிக்கைத் தூக்கி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், 600 டி.பி.ஐ. போதும். கண்ணாடிக்கு: தொடாதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் எடுங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் பழைய படங்களைப் பாதுகாக்கும் வல்லுநரிடம் கொண்டுபோங்கள். யூடியூபில் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள், கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் வண்ணம் தண்ணீரோடு போய்விடலாம்.

பினாங்கிலிருந்து: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜப்பான்காரன் கால வாழைமர நோட்டுக் கட்டும், ஊரிலிருந்து வந்த நாலைந்து கடிதங்களும் இருக்கின்றன. நோட்டுக்கு என்ன மதிப்பு?

வாழைமரப் படம் போட்ட அந்தப் பத்து டாலர் நோட்டை, மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் 1942க்கும் 1945க்கும் இடையில் அச்சடித்துத் தள்ளினார்கள். அன்றே மதிப்பில்லாமல் போனது, இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள் ஐயா. உறையைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரையும் தணிக்கைக் குறியும் அதில்தான் இருக்கும். கடிதத்தை விரித்து மடிப்பு நீக்கி வையுங்கள், மடிப்பில்தான் தாள் முதலில் கிழியும். நோட்டுக் கட்டும் கடிதங்களும் ஒரே பெட்டியில் இருந்தன என்பதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: புதிதாக ஆரம்பிக்கிறேன். எங்கே தேடுவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது கதவு, தூணோடு பர்மா காலத்துப் படங்களும் கணக்கேடுகளும் அங்கே வரும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனாலும் சென்ட்ரல் அருகே பழைய புத்தகக் கடைகள் இன்னும் உண்டு. எல்லாவற்றையும் விட உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் டீ குடித்துப் பழகுங்கள். வாங்கும்போது ஒரே கேள்வி போதும்: "இது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது?" அந்தப் பதிலை அன்றைக்கே எழுதிவைக்காத சேகரிப்பு என் கண்ணில் பாதி விலைதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக்கியது. ஒருமுறை போய்ப் பாருங்கள், எதையெல்லாம் சேர்க்கலாம் என்று புரியும்.

பெங்களூரிலிருந்து: கடையில் வாங்கிய, யாரென்றே தெரியாத குடும்பத்தின் படங்களை ஃபேஸ்புக்கில் போடலாமா?

ஸ்டூடியோ பெயர், ஊரோடு போட்டால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துக் கேட்க வாய்ப்புண்டு. கேட்டால் நல்ல பிரதி ஒன்று எடுத்துக் கொடுங்கள், காசு வாங்காதீர்கள். கேலித் தலைப்பு வேண்டாம். சாவு வீட்டுப் படம், அந்தரங்கக் கடிதம் இரண்டையும் நான் போடுவதில்லை.

கடைசியாக, காரைக்குடியிலிருந்து: வெளிநாட்டு நண்பர் பழைய கணக்கேடு ஒன்றும் 1910களின் ஆல்பம் ஒன்றும் கேட்கிறார். தபாலில் அனுப்பலாமா?

அவசரப்படாதீர்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கலைப்பொருளும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருஷம் கடந்ததும் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் கணக்கேடும் ஆல்பமும் அதில் வருமா வராதா என்று தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை நண்பருக்கு ஸ்கேன் அனுப்பிவையுங்கள்.