எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவான மதிப்புகள் உண்டா?

உண்டு. எங்கே பிறந்தவரும் நல்லதென்று ஒப்புக்கொள்ளும் நடத்தைகளையே பொது மதிப்புகள் என்கிறோம். 2019-இல் வெளியான ஆக்ஸ்போர்டு மானுடவியல் ஆய்வு, 60 சமூகங்களின் பதிவுகளை அலசி ஏழு மதிப்புகளைச் சொன்னது: உறவினருக்கு உதவுவது, கூட்டத்தோடு நிற்பது, கைம்மாறு, துணிவு, மேலோருக்கு மரியாதை, நியாயமான பங்கீடு, அடுத்தவர் பொருளைத் தொடாமை. கூடி வாழாமல் பிழைப்பில்லை. வாங்கிக்கொண்டு கைவிரிப்பவனோடு யாரும் கூடமாட்டார்கள். காரணம் அவ்வளவுதான்.

வண்டி எதுவானாலும் பிரேக் உண்டு, எவ்வளவு அழுத்தினால் பிடிக்கும் என்பதுதான் மாறும். மதிப்பும் அப்படித்தான், அதைக் காட்டும் விதம் இடத்துக்கு இடம் மாறும். கண்ணைப் பார்த்துப் பேசுவது ஓரிடத்தில் மரியாதை, இன்னோரிடத்தில் திமிர். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பொது மதிப்பு என்றால் எல்லோரும் ஒரே முடிவெடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். உறவா, நியாயமான பங்கா என்று வரும்போது எதற்கு முதலிடம் என்பதில்தான் சண்டையே.