சிம்ஸ் 4: மூத்த மகளைத் தனிக்குடித்தனம் வைப்பது எப்போது?

சிம்ஸ் 4 என்ற கணினி ஆட்டத்தில் தம்பதியருக்கு அடுத்த குழந்தைக்கான தெரிவு வரவில்லை, மூத்த மகளை எப்போது தனிக்குடித்தனம் அனுப்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த குழந்தைக்கு முயல்வதற்கு முன்பே மூத்த மகளைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிடுங்கள். ஒரு குடும்பத்தில் அதிகபட்சம் 8 சிம்கள்தான் (ஆட்டத்தின் பாத்திரங்கள்) இருக்க முடியும் என்பதால், உங்கள் வீடு நிரம்பியிருக்கும் வரை தம்பதியருக்குக் குழந்தைக்கான தெரிவு கிடைக்காது. நீங்கள் சொல்லும் சிக்கலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில் அவள் பதின்ம வயதைக் கடந்து இளம்பருவ வயதுவந்தவளாகிவிட்டாளா என்று பாருங்கள். பதின்ம வயதினரும் குழந்தைகளும் பெரியவர் ஒருவரின்றித் தனிக் குடும்பமாக இருக்க இயலாது.

பிறகு ஆட்டத்தை வேறொரு சேமிப்பாகப் பதிந்துகொண்டு, அவள் பயன்படுத்தும் புத்தகங்களையும் வரைந்த ஓவியங்களையும் அவளுடைய சொந்த உடைமைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்; அவை அவளுடனேயே செல்லும், வீட்டில் மாட்டியிருப்பவை பெற்றோரிடமே தங்கிவிடும். வேலை கிடைக்கும்வரை காத்திருக்கலாமே என்று பலர் சொல்வார்கள். என் கருத்தில் அது தேவையில்லை, ஏனெனில் சிறிய வீட்டில் தொடங்கி அவள் தானாக முன்னேறுவதைப் பார்ப்பதில்தான் இந்த ஆட்டத்தின் சுவையே இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் ஒரு குடும்பத்தை ஆடும்போது மற்றதற்கும் வயது கூடக்கூடும். பெற்றோர் உங்கள் கண்ணில் படாமலே முதுமையடைய வேண்டாமென்றால், தானாக வயது கூடுவதை ஆடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு மட்டும் என அமைப்புகளில் மாற்றிக்கொள்ளுங்கள்.