தமிழ் வழியில் படித்தேன், பொறியியல் கிடைத்திருக்கிறது: முதல் செமஸ்டரை எப்படித் தாண்டுவது?

கேள்வி: சார், நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். எல்லாம் இங்கிலீஷில்தான் நடத்துவார்கள், தமிழ் மீடியம் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே அரியர் (பாஸாகாத பாடம்) வைத்துவிடுவார்கள் என்று ஊர் அண்ணன் ஒருவர் பயமுறுத்துகிறார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா? லேப்டாப் கட்டாயம் வேண்டுமா? வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடு என்கிறார் அம்மா. கல்லூரி திறக்க மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு மாணவி

பதில்: அந்த அண்ணன் சொன்னதில் பாதி சரி. முதல் செமஸ்டரில் அரியர் விழுவது நடக்கிறதுதான், அதிலும் கணிதத்தில். ஆனால் அதற்குக் காரணம் இங்கிலீஷ் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கிறவன் நான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளும்தான் அரியர் வைக்கிறார்கள். இரண்டாவது வகுப்பில் ஒன்று புரியாமல் போகும், கேட்க வெட்கம். அது புரியாததால் நான்காவது வகுப்பு புரியாது. அப்புறம் வகுப்பில் உடம்பு மட்டும் உட்கார்ந்திருக்கும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு இந்த வெட்கம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆகவே உன் வேலை முதல் இரண்டு மாதம் வாய் மூடிப் போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு இந்த மூன்று வாரத்தில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, செலவும் இல்லாதது.

உன் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதே புத்தகத்தின் இங்கிலீஷ் பதிப்பை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பாடநூல் கழகம் இரண்டு வழியிலும் ஒரே பாடத்தைத்தான் அச்சிடுகிறது. அதே எடுத்துக்காட்டு, அதே கணக்கு, அதே படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அணி என்று நீ படித்தது அங்கே மேட்ரிக்ஸ். அணிக்கோவை டிடர்மினன்ட், நேர்மாறு இன்வெர்ஸ், வகைக்கெழு டெரிவேடிவ், தொகையீடு இன்டக்ரல். ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வா. ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகச் சொல்லிப் பார், ஏனென்றால் வகுப்பில் அது உன் காதில்தான் முதலில் விழும், கண்ணில் இல்லை.

இதில் எவ்வளவு லாபம் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் (பாடத்திட்டத்தையும் மதிப்பெண் முறையையும் சொல்வது) முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயரே ‘மேட்ரிக்ஸஸ் அண்ட் கால்குலஸ்’ என்றிருந்தது. அதன் முதல் யூனிட்டில் ஐகன் வேல்யூ வந்தது. பெயரைக் கேட்டால் மிரட்டும். ஆனால் மூன்றுக்கு மூன்று அணிக்கு ஐகன் வேல்யூ கண்டுபிடிக்க வேண்டியது என்ன? ஓர் அணிக்கோவையை விரிக்க வேண்டும். வருகிற முப்படிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலாவது உன் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தைச் சேர்ந்தது. இரண்டாவது அதே புத்தகத்தில் ‘சமன்பாட்டியல்’ என்று வந்தது. பகுதி வகைக்கெழுவும் அங்கேயே இருக்கிறது. நீ புதிதாகக் கற்க வேண்டியது நீ நினைப்பதில் பாதிகூட இல்லை. இயற்பியலில் அலை ஒளியியல், குறைக்கடத்தி ஆகியவற்றையும் இதே மாதிரி பார்த்துவிடு. இ.சி.இ.க்குப் போகிறவள், டையோடு பாடத்தை விட்டுவிடாதே.

நேரம் போதாவிட்டால் வேதியியலை விட்டுவிடலாம். கணிதத்தை விடக் கூடாது.

வகுப்பு தொடங்கிய பிறகு: நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலான ஆசிரியர்கள் விளக்கும்போது தமிழைக் கலந்துதான் பேசுகிறார்கள். அப்படிப் பேசாதவரிடமும் வகுப்பு முடிந்ததும் போய்த் தமிழிலேயே கேள். “சார், மூணாவது ஸ்டெப் எப்படி வந்ததுன்னு புரியலை” என்று குறிப்பாகக் கேட்டால் எந்த ஆசிரியரும் விரட்ட மாட்டார். “எதுவுமே புரியலை” என்று போனால்தான் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. அன்றைய சந்தேகத்தை அந்த வாரத்திலேயே தீர்த்துவிடு.

பரீட்சையில் இங்கிலீஷில் எழுத வேண்டுமே என்ற பயம் இருக்கும். கணக்குக்கு ஸ்டெப்புக்குத்தான் மார்க், நடைக்கு இல்லை. தியரி பாடத்துக்குச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, படம் போடு, பாகங்களைக் குறி. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் வழக்கமாக பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், ஒரு 15 மதிப்பெண் கேள்வி என்று நூறு வரும். அந்த 20 மார்க் இரண்டு வரி விடைகளில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும், நீயே சொல்.

இப்போது யாரும் முதல் நாளில் சொல்லித் தராத ஒரு கணக்கு. 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னலில் 32 வைத்திருப்பவள் செமஸ்டரில் நூற்றுக்கு 45 எடுத்தாலே தாண்டிவிடுவாள். இன்டர்னலில் 10 மட்டும் வைத்திருப்பவள் அதே தாளில் 67 எடுக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் ‘இது இன்டர்னல்தானே’ என்று முதல் அசெஸ்மென்டைக் கோட்டை விடுகிறார்கள். அங்கேதான் அரியர் முளைக்கிறது. விதிமுறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், தன்னாட்சிக் கல்லூரிக்குத் தனிக் கணக்கு இருக்கும். அதனால் உன் பேட்ச்சுக்கு எந்த ஆண்டு விதிமுறை என்று முதல் வாரத்திலேயே கேட்டு, மதிப்பெண் பிரிவினைப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடு.

அம்மா சொல்கிற வாராவாரம் விஷயம். தருமபுரிப் பக்கத்திலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். ஞாயிறு இரவு கிளம்ப மனசு வராது, திங்கள் காலை வகுப்பு போகும். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் செமஸ்டருக்குப் பதினைந்து நாள். சுமார் தொண்ணூறு வேலை நாளில் அது ஆறில் ஒரு பங்கு. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், ஒரு ஊர்த் திருவிழா வந்தால் 75 ஆட்டம் காணும். 65க்கு மேல் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டி காண்டனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) கேட்கலாம். அதை நம்பி ஊருக்குப் போகக் கூடாது. மாதம் ஒரு தடவை போதும். அம்மாவுக்குத் தினமும் இரவு போன் பண்ணு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல் சில வாரம் ஹாஸ்டலில் அழுகை வரும், நிறையப் பேருக்கு வரும், வெளியே சொல்ல மாட்டார்கள். அது குறையாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் போனால் வார்டனிடமோ உன் டியூட்டரிடமோ சொல். அவர்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் 14416 என்ற இலவச மனநல எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: இப்போது வேண்டாம். பணம் கட்டி மூன்று வாரத்தில் அவர்கள் தருவது “ஹவ் ஆர் யூ” ரகம்தான். கல்லூரியிலேயே இங்கிலீஷ் பாடம் இருக்கும். அங்கே எழுந்து தப்பாகப் பேசு. தப்பாகப் பேசாமல் யாருக்கும் வாய் வந்ததில்லை.

லேப்டாப்பும் உடனே தேவையில்லை. முதலாண்டில் பைதான் வரக்கூடும். அதற்குக் கல்லூரி லேப் இருக்கிறது, போனிலேயே புரோகிராம் எழுதிப் பார்க்கும் செயலிகளும் இருக்கின்றன. தியரி தேர்வில் புரோகிராமைக் காகிதத்தில்தான் எழுதப் போகிறாய், ஆகவே நோட்டில் கையால் எழுதிப் பழகுவதே நல்லது. கடன் வாங்கி, அதிலும் போனில் வரும் கடன் செயலியில் வாங்கி, லேப்டாப் எடுக்கவே எடுக்காதே. இரண்டாம் ஆண்டில் உன் துறைக்கு எது வேண்டும் என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணம் பற்றி நீ கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். அந்தத் தலைப்புகளில் கல்லூரி ஏதாவது கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. அத்துடன் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் உனக்குத் தகுதி இருக்கிறது. உன் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும், பள்ளியில் உனக்குக் கொடுத்த எமிஸ் (மாணவர் பதிவு) எண்ணும் தேவைப்படும். எமிஸ் எண் தெரியாவிட்டால் இந்த வாரமே பள்ளிக்குப் போய் வாங்கி வா. அப்புறம் கோவையிலிருந்து தேடுவது கஷ்டம். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், இதற்கென்று அங்கே ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். (உன் வகுப்புப் பையன்களுக்கும் சொல். அவர்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப்புதல்வன் என்று அதே ஆயிரம் ரூபாய் இருக்கிறது.)

ராகிங் குறித்துச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 1997-லிருந்து அது சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சேரும்போது நீயும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி கொடுப்பீர்கள். பேர் கேட்பதும் ஊர் கேட்பதும் பழக்கம். நீ வேண்டாம் என்ற பிறகும் ஆடு, பாடு, இதைச் செய் என்று வற்புறுத்தினால் அது ராகிங். தேசிய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் எடுப்பார்கள். ஆனால் எல்லா சீனியரையும் அந்தக் கண்ணால் பார்க்காதே. பழைய வினாத்தாள், நல்ல நோட்ஸ், எந்த ஆசிரியரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் சீனியர் அக்காக்களிடம்தான் கிடைக்கும். உன் மாவட்டத்திலிருந்து, உன்னைப் போலத் தமிழ் வழியில் வந்த ஒரு அக்காவைக் கண்டுபிடி.

கடைசியாக, சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்துக்கொள், போனில் ஸ்கேனும் செய்து வை. ஒரிஜினலை வாங்கிக்கொண்டால், எதையெல்லாம் வாங்கினார்கள் என்று பட்டியல் போட்டு முத்திரையுடன் ஒப்புகை கேள். உனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அப்பாவைக் கேட்கச் சொல்.