திடீர்ப் பயணம் சரி, வெள்ளி ராத்திரி கிளம்ப வேண்டாம்

கேள்வி: நானும் மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறோம். திங்களையும் சேர்த்து மூன்று நாள் லீவு. எதையும் புக் பண்ணாமல் வெள்ளி இரவே காரை எடுத்துக்கொண்டு ஆந்திராவில் கண்டிக்கோட்டை, பேலம் குகை, திரும்பும்போது திருமலையில் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவு என்று சுற்றிவர ஆசை. இருவருக்குமே கார் ஓட்டத் தெரியும். சரிப்பட்டு வருமா?

பதில்: வரும். ஆனால் வெள்ளி இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, சனி விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். ரேணிகுண்டா தாண்டியதும் ராஜம்பேட்டை வழியாகக் கடப்பாவுக்குப் போகிற பாதையில் சேஷாசலம் காடு வருகிறது. ஆபீஸ் முடித்த அலுப்போடு, எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் ஓட்ட வேண்டிய ரோடு இல்லை அது. கண்டிக்கோட்டை சென்னையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். டிபன், டீ எல்லாம் சேர்த்து மதியம் இரண்டு மணிக்குள் போய்விடலாம். டேங்க்கைக் கடப்பாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

திட்டமே வேண்டாம் என்கிறீர்கள். சரி, சூரியனுக்கு மட்டுமாவது ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் கண்டிக்கோட்டை வெறும் பாறைக் காடு. நாலரைக்கு மேல் கோட்டைக்குள் நுழைந்து, ஜாமியா மசூதியைத் தாண்டிப் பாறைகள் மேல் ஏறினால் கீழே பெண்ணாறு வளைந்து போவது தெரியும். அடுக்கடுக்காக வெட்டி வைத்ததுபோல் இருக்கும் அந்தச் செம்பாறைச் சுவரில் சாய்வெயில் படும் அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போவதே. விளிம்பில் தடுப்புக் கம்பி எதுவும் இருக்காது. செல்ஃபிக்காகப் பின்னால் நகர்கிற பழக்கம் யாருக்கு இருந்தாலும், அங்கே மற்றவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், மறுநாள் விடியலில் இன்னொரு தரம் வரலாம்.

புக் செய்யாமல் போகவே கூடாத ஒரே விஷயம் சனி இரவுத் தங்கல். கோட்டை அருகே உள்ள ஆந்திர சுற்றுலாத் துறை ஹரிதா விடுதியில் அறைகள் குறைவு; நீண்ட விடுமுறையில் கிடைப்பது கஷ்டம். இல்லையென்றால் 15 கிலோமீட்டரில் ஜம்மலமடுகில் சாதாரண லாட்ஜ்கள் உண்டு. இருவருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை பேலம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் சிமென்ட் லாரியும் கல் லாரியும். நம் வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டாக இருக்கிற கடப்பா கல் வெட்டுகிற பக்கம் இது. குகையும் சுண்ணாம்புக்கல்தான், நிலத்தடி நீர் அரித்து உண்டாக்கியது. பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884-ல் இந்தக் குகையையும் பதிவு செய்தார். மொத்த நீளம் 3,229 மீட்டர்; நாம் நடக்க முடிவது ஒன்றரை கிலோமீட்டர் போல. உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். காற்றுக் குழாய் போட்டிருந்தும் புழுக்கம் ஆளை நனைத்துவிடும். பருத்திச் சட்டை, பிடிப்புள்ள செருப்பு போதும். 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதாள கங்கைக்கு இறங்கும்போது தலை இடிக்கும், கால் வழுக்கும். ஆஸ்துமாவோ நெருக்கடியான இடத்தில் பயமோ இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். குகை பத்து மணி வாக்கில்தான் திறக்கும், அதனால் கோட்டை விடியலை அவசரமில்லாமல் பார்க்கலாம்.

சிலாதோரணத்தை இந்தத் தடவை தள்ளிப்போடச் சொல்வேன். அந்த இயற்கைப் பாறை வளைவு அபூர்வமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் லீவு நாளில் மலையடிவாரத்து அலிபிரி சோதனை, மலைப்பாதை, பார்க்கிங் என்று அரை நாள் போய்விடும். தரிசனத்துக்குப் போகும் நாளில் சேர்த்துப் பாருங்கள். ஞாயிறு இரவு கடப்பாவில் தங்கி, திங்கள் பகலிலேயே சென்னை திரும்பிவிடலாம். ஏப்ரல், மே மாதம் என்றால் இந்தப் பயணமே வேண்டாம், நவம்பர் வரட்டும்.