கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் வால்

கேள்வி: சில வலைப்பூக்களைச் செய்தியோடை (புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் வசதி) வழியாகப் படிக்கிறேன். பிடித்த கட்டுரையை உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முகவரி மூன்று வரிக்கு நீள்கிறது. வெட்டினால் கட்டுரை திறக்குமா? அனுப்பினால் என் விவரம் யாருக்காவது போகுமா?

பதில்: தாராளமாக வெட்டுங்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால், ஆங்கிலத்தில் யு, டி, எம் (utm) என்ற எழுத்துகளோடு தொடங்கும் துண்டுகளுக்கும் கட்டுரை திறப்பதற்கும் தொடர்பே இல்லை. படிப்பவர் ஓடையிலிருந்து வந்தாரா, மின்னஞ்சலிலிருந்து வந்தாரா என்று தளத்தின் கணக்குக்குச் சொல்லும் சீட்டுகள் அவை. உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ பொதுவாக அதில் இருப்பதில்லை. ஃபேஸ்புக் 2018 முதல் ஒட்டிவரும், எஃப், பி, சி, எல், ஐ, டி (fbclid) என்று சேர்த்து எழுதிய துண்டு அப்படியல்ல. ஒவ்வொரு சொடுக்குக்கும் அதில் தனி அடையாளம் உண்டு. முதலில் அதை நீக்குங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கேள்விக்குறியைக் கண்டதும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். சில வேர்ட்பிரஸ் தளங்களில் கேள்விக்குறியை அடுத்து ‘பி’ என்ற எழுத்து, சமக்குறி, ஓர் எண் என வரும். கட்டுரையை அடையாளம் காட்டுவதே அந்த எண்தான். அது போனால் முகப்புப் பக்கம்தான் திறக்கும். யூடியூப் முகவரியில் ‘வி’ எழுத்தையும் சமக்குறியையும் அடுத்து வரும் 11 எழுத்துகளும் அப்படித்தான். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ‘&’ குறிக்குப் பின் வரும் யுடிஎம் துண்டுகளை மட்டும் எடுங்கள். வெட்டிய முகவரியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இதற்கென்று ‘முகவரியைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று வரும் இலவச நீட்சிகளை (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்களை) நம்பிவிடாதீர்கள். எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பார்கள். வால் நறுக்க வந்தவருக்கு வீட்டுச் சாவி எதற்கு? முகவரிச் சுருக்கிகளும் வேண்டாம். நீளம் குறையுமே தவிர வால் உள்ளேயே இருக்கும். போதாததற்கு, யார் எப்போது சொடுக்கினார் என்று இடைத்தரகரும் எண்ணிக்கொண்டிருப்பார்.

யுடிஎம் முறையை உருவாக்கிய அர்ச்சின் நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியது. வாலின்றி நகலெடுக்கும் வசதி பயர்பாக்ஸ் உலாவியின் வலது சொடுக்குப் பட்டியலுக்கு வந்ததோ 2023இன் இறுதியில்! ஒட்டுவதைத் தானாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு நீக்கித்தர இத்தனை ஆண்டுகளா? வலைப்பூ எழுதுபவரைக் குறை சொல்ல மாட்டேன். தம் ஓடையில் இவை ஒட்டப்படுவதே பலருக்குத் தெரியாது.

உங்கள் ஓடையில் தெரியும் முகவரி வலைப்பூவுடையதாக இல்லாமல் வேறொரு சேவையின் பெயரில் இருந்தால், அதை வெட்டிப் பயனில்லை. கட்டுரையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் வருவதை நகலெடுத்து, அதில் வெட்டுங்கள்.