டிஷ்வாஷர் அதிகம் சூடாகி அடிக்கடி நின்றுவிடுகிறது, என்ன காரணம்?

ரின்ஸ் பாய்லர் (கடைசியாக அலசும் தண்ணீரைச் சூடாக்கும் தொட்டி) 95 டிகிரியைத் தாண்டி, சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் சேஃப்டி கட்-அவுட் விழுந்து மெஷின் நின்றுவிடுகிறது, ரீசெட் செய்தால் மறுபடியும் அதே கதை என்கிறீர்கள். பொதுவாக கமர்ஷியல் கிச்சன் மெஷினில் அது 82-85 டிகிரியில் நிற்க வேண்டும். கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே காசு கொடுத்துவிடாதீர்கள், முதலில் கான்டாக்டரை (ஹீட்டருக்குக் கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச், அதை இயக்குவது உள்ளே இருக்கும் காயில்) பாருங்கள். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கான்டாக்டர் காயிலுக்குப் போகும் சப்ளையை நிறுத்திவிடும், ஆனால் உள்ளே முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் ஹீட்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காயிலில் வோல்டேஜ் இல்லாதபோதும் ஹீட்டர் வயரில் மாட்டிய கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளப்பது) ஆம்பியர் காட்டினால் சந்தேகமே வேண்டாம், கான்டாக்டர்தான். புதுசு போடுங்கள், உப்புத்தாள் வைத்துத் தேய்த்து ஓட்டாதீர்கள்.

அதில் கோளாறு இல்லையென்றால் அப்புறம் சூட்டை அளக்கும் சென்சார். போர் தண்ணீர் என்றால் அதன் மேல் வெள்ளையாக உப்புப் படிந்து, நிஜச் சூடு அதற்குத் தாமதமாகத்தான் உறைக்கும். உப்பை நீக்குங்கள், தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னரையும் ஒரு பார்வை பாருங்கள். இதெல்லாம் த்ரீ ஃபேஸ் வேலை, மீட்டர் வைப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கட்-அவுட்டை பைபாஸ் செய்து ஓட்டுவது (நிறையக் கிச்சனில் நடக்கிறது) மட்டும் வேண்டவே வேண்டாம்.